பழைய டீசல் பிக்கப் மேட்டில் இழுக்கவில்லை, பிரேக் பிடித்தால் இடப்பக்கம் போகிறது, ரிவர்ஸ் கியர் கரகரக்கிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் இன்ஜினைக் குற்றம் சொல்ல உறுதியான சான்று இல்லை. இழுவை குறைந்தால் பட்டறையில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் (டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் பாகம்) என்றுதான் பேச்சு தொடங்கும். ஆனால் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாலும், கிளட்ச் வழுக்கினாலும் வண்டி அதே போலத்தான் திணறும். நான் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிவருகிறேன். அந்த இறக்கத்தில் இன்ஜின் மக்கர் செய்தால் பண நட்டம், பிரேக் போனால் உயிர் போகும். எனவே முதலில் பிரேக்.

சமதளத்தில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடவில்லை. நான்கும் ஒரே அளவாக இருந்தால், வலப்பக்க முன் பிரேக் சரியாகப் பிடிக்காததால் வண்டி இடப்பக்கம் போகலாம்.

சூடான சக்கரம் முன்சக்கரம் என்றால், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அதை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்து விட்டபின் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிபரில் (சக்கரத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) உள்ள நிப்பிளை (ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) சற்றே திறக்க வேண்டும். ஆயில் பீச்சி, சக்கரம் உடனே இலகுவானால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது: ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்திருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) ஆயிலைத் திரும்ப விடவில்லை. திறந்தும் இறுக்கம் குறையவில்லை என்றால் காலிபரின் பிஸ்டனோ, காலிபர் நகர்ந்து கொடுக்கும் பின்னோ துருப்பிடித்து நிற்கிறது. ஹோஸை மாற்றினால் தீரும் வேலைக்குக் காலிபர் முழுவதையும் மாற்றிப் பணத்தை விடாமல் இந்தச் சோதனை காப்பாற்றும். முடித்ததும் பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுக்க மறக்காதீர்கள்.

பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் அதையும் மாற்றிவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போய்விடும்.

அடுத்து கிளட்ச். மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. ரிவர்ஸுக்கு, கிளட்சை முழுதாக மிதித்துச் சில விநாடி பொறுத்துப் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. முன்னோக்கிய கியர்களில் ஒன்று மட்டும் கரகரத்தால்தான் கியர்பாக்ஸின் சின்க்ரோ ரிங் (கியர் விழும்முன் வேகத்தைச் சமமாக்கும் வளையம்) மீது சந்தேகப்பட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் புகையைப் பாருங்கள். மேட்டில் கரும்புகை வந்தால் காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் வெடிப்பு. புகையே இல்லாமல் திணறினால் டீசல் ஃபில்டர். விடாத நீலப் புகைதான் உண்மையான இன்ஜின் கவலை.

நிப்பிளைத் திறந்தபோது சக்கரம் இலகுவானதா என்று எழுதுங்கள். அதை வைத்துத்தான் அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்ல முடியும். அதுவரை லோடு ஏற்றி மலை இறங்காதீர்கள்.