ஒரே எண்ணுக்கு இரண்டு சென்சாரா?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முகவரி, அதாவது ஒவ்வொரு கருவியையும் கூப்பிட அதற்குக் கொடுக்கும் எண், பற்றியவை. செம்பனை ஆலைகளில் கம்பியில்லாச் சென்சார்கள் பெருகிவிட்டன. அவற்றுக்கு எண் கொடுக்கிறவர்களின் பொறுமைதான் பெருகவில்லை.

மோட்பஸ் கருவிக்கு 0 என்று எண் கொடுக்கலாமா? 300 கொடுக்கலாமா?
*ஆலை மின்பணியாளர், சுங்கை சிப்புட்*

இரண்டும் கூடாது. மோட்பஸ் என்பது கருவிகளை ஒவ்வொன்றாக எண் சொல்லிக் கூப்பிட்டு அளவு கேட்கும் முறை; அதில் 1 முதல் 247 வரைதான். 0 என்பது எல்லாரையும் சேர்த்துக் கூப்பிடும் எண். அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஐயா, கழிவுநீர்க் குளங்களில் மூன்று மட்டச் சென்சார்கள், ரேடியோ மோடம் வழியாக. ஒன்றின் அளவு திடீரென்று மற்றொன்றின் அளவாக மாறுகிறது. சென்சார் பழுதா?
*வாசகர், பகாவ்*

பழுது சென்சாரில் இல்லை. புதுக் கருவி பெரும்பாலும் எண் 1 உடன்தான் பெட்டியிலிருந்து வரும். நீங்கள் ஒன்றை அமைத்துவிட்டு, அதே அமைப்புக் கோப்பினை மற்றவற்றிலும் அப்படியே ஏற்றியிருப்பீர்கள். இப்போது ஒரு எண்ணைக் கூப்பிட்டால் இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். கம்பியில் என்றால் இரண்டு குரலும் மோதிச் சிதைந்து, பிழை என்று தெரிந்துவிடும். ரேடியோவில் வலுத்த குரல் மற்றதை அமுக்கிவிடும். நடுவில் ஒரு லாரி வந்து நின்றால் அடுத்தவர் ஜெயிப்பார். தப்பான அளவு, சரியான அளவைப் போலவே திரையில் உட்கார்ந்திருக்கும்.

நானே பட்டிருக்கிறேன். ஓர் ஆலையில் பழக்குலையை அவிக்கும் ஸ்டெரிலைசரில் நீராவி சீறிக்கொண்டிருக்கிறது, திரையிலோ 60 டிகிரி. 3 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 140 இருக்க வேண்டும். சென்சாரை மாற்றினார்கள், ஆண்டெனாவை மாற்றினார்கள், மூன்று நாள் போனது. கடைசியில் பார்த்தால், செம்பனைப் பருப்பு சேமிக்கும் சைலோவில் இருந்த சென்சார்க்காரன் அதே எண்ணில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். எண் பட்டியல் எங்கே என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். "எல்லாம் மனத்தில் இருக்கிறது" என்றார்.

அந்தக் காலத் தோட்டத்தில் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடு இல்லாமல், காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிட்ட கிராணி (எழுத்தர்) உண்டா? ஒரே பெயரில் இருவர் இருந்தால் 'மேட்டு லயத்து முனியாண்டி' என்று பிரித்தாவது எழுதினார்கள். நமக்கு அதுகூட வரவில்லை.

ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்குங்கள். எண், இடம், தொடர் எண், தேதி எழுதுங்கள். எண்ணைச் சென்சாரின் உடம்பிலும் பெயிண்டில் எழுதுங்கள். ஒவ்வொரு கருவியாக மின்சாரம் கொடுத்து எண்ணை மாற்றுங்கள்; மூன்றையும் சேர்த்து அல்ல. 1ஆம் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள், புதிதாக வருகிறவன் இடிக்காமல் உள்ளே வரட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு சென்சாரை அணைத்துப் பாருங்கள். அதன் அளவு திரையில் இன்னும் புதிதாக வந்துகொண்டிருந்தால், வேறொருவன் பேசுகிறான்.

லோரா (தொலைதூர ரேடியோ) சென்சார் கட்டமைப்பில் சேரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
*ஊர் எழுதாத வாசகர்*

என்ன சென்சார், அதன் செய்தியை வாங்கிக் கட்டமைப்புக்குக் கடத்தும் பெட்டியான கேட்வே எது? ஒன்றும் எழுதவில்லை. இது ஜோசியருக்குப் போக வேண்டிய கடிதம். இருந்தாலும் சொல்கிறேன்: கருவியின் அடையாளத்தில் 16 இலக்கம், சாவியில் 32. எண்ணிப் பாருங்கள். அவற்றில் ஆங்கில 'ஓ' எழுத்தே கிடையாது. அப்படிப் படித்திருந்தால் அது சுழியம். மலிவாகக் கிடைத்ததென்று ஐரோப்பாவின் 868 மெகாஹெர்ட்ஸ் கருவியை வாங்கிவிட்டீர்களா? நம் மலேசியாவில் 919 முதல் 924 வரை.

மின்சாரம் போய் வந்த பிறகு ஜிக்பீ (குறுந்தொலைவு ரேடியோ) சென்சார் ஒன்று காணாமல் போகிறது. ஆனால் விளக்கு எரிகிறது.
*தொழில்நுட்பர், குளுவாங்*

காணாமல் போகவில்லை, பெயர் மாறியிருக்கிறது. கட்டமைப்பில் சேரும்போது கிடைக்கும் 16 பிட் குறுமுகவரி, மறுபடி சேரும்போது மாறலாம். உங்கள் நிரலில் அதையா எழுதி வைத்தீர்கள்? தொழிற்சாலையில் பதித்த 64 பிட் முகவரியை எழுதுங்கள். புத்தகத்திலும் அதையே.

வயர்லெஸ் ஹார்ட் (ஆலைக் கருவிகளுக்கான ரேடியோ முறை) கருவிக்குக் குறுமுகவரியை நானே கொடுக்க வேண்டுமா?
*வாசகர், தெலுக் இந்தான்*

வேண்டாம், அது கட்டமைப்பு மேலாளர் என்ற மென்பொருளின் வேலை. நீங்கள் கொடுக்க வேண்டியவை கட்டமைப்பு எண், சேரும் சாவி, டேக் பெயர் (ஆலையில் கருவியை அழைக்கும் பெயர்). ஒரே ஆலையில் இரண்டு கேட்வே இருந்தால் கட்டமைப்பு எண்ணும் இரண்டாக இருக்கட்டும்.

கேட்வேயை இணைத்ததும் அலுவலகத்தில் இணையம் நின்றுவிடுகிறது.
*கிராணி, லாபிஸ்*

ரவுட்டரும் 192.168.1.1, கேட்வேயும் 192.168.1.1, அப்படித்தானே? கேட்வேயைத் தனியாக மடிக்கணினியில் இணைத்து, ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்கு வெளியே ஒரு நிலையான ஐ.பி. கொடுங்கள். பிரிண்டருக்கு என்ன எண் என்று முதலில் பாருங்கள். புத்தகத்தில் எழுதிவிட்டு மாற்றுங்கள்.