பாகற்கொடி ஏறிய வீடு: 'ஜங்கிள் புக்' நாவலும் படங்களும் – கேள்வி பதில்

ஒக்ரோபர் வாசிப்பு மாதத்துக்காக எங்கள் வாசிகசாலைச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, இரண்டு சனிக்கிழமைகளில் இரண்டு படங்கள் போட்டோம். ஒன்று 1967இல் டிஸ்னி எடுத்த கார்ட்டூன் படம். மற்றது 2016இல் ஜோன் ஃபவ்ரோ இயக்கியது. இரண்டுக்கும் மூலம் ருட்யார்ட் கிப்ளிங் 1894இலும் 1895இலும் வெளியிட்ட இரண்டு புத்தகங்கள். ஓநாய்கள் வளர்த்த மனிதப் பிள்ளை மௌக்லியின் கதை. படம் பார்த்தவர்கள் எழுதிப் பெட்டியில் போட்ட கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. முப்பது வருடமாக இந்தக் கதைகளை வகுப்பில் வாசித்துக் காட்டியவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

தரம் 8 மாணவி, மாங்குளம்: ரீச்சர், புத்தகத்தை முதல் வாசிக்கிறதா, படத்தை முதல் பார்க்கிறதா?

படத்தைத்தான் பார்த்துவிட்டாயே பிள்ளை, இனிப் புத்தகத்தை எடு. ஒன்று சொல்லி வைக்கிறேன். முதல் புத்தகத்தில் ஏழு கதைகள். அவற்றில் மூன்றுதான் மௌக்லியுடையவை. இடையில் வெள்ளைக் கடல்நாய் வரும், பாம்போடு சண்டை போடும் கீரி வரும். புத்தகம் மாறிப்போச்சென்று மூடிவிடாதே. மௌக்லியின் மிச்சக் கதைகள் இரண்டாம் புத்தகத்தில் இருக்கின்றன.

ஒரு ஐயா, நெடுங்கேணி: எங்கள் அப்பு தேன் எடுக்கப் போய்க் கரடியிடம் ஒரு கண்ணைக் கொடுத்தவர். படத்தில் கரடி பாட்டுப் பாடி ஆடுகிறது. பேரன் கரடியைக் கட்டிப்பிடிக்க வேணும் என்கிறான். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

காட்டலாம் ஐயா. ஆனால் காட்டிய அன்றைக்கே அப்புவின் கதையையும் சொல்லுங்கள்.

கிப்ளிங் கதை நடக்கும் இடம் மத்திய இந்தியாவின் சியோனிக் காடு. அங்கே இருக்கும் கரடி நம் பாலைமரத்தில் ஏறிப் பழம் தின்கிற அதே இனம்தான். கறையான் புற்றைத் தோண்டி உறிஞ்சுவதற்கு வசதியாக மேல்வாயில் முன்பற்கள் இரண்டு இல்லாத கரடி. காதும் கண்ணும் அதற்கு மந்தம். அதனால்தான் திடீரென்று எதிர்ப்பட்டால் மிரண்டு எழுந்து முகத்தில் அறைகிறது. வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கிற நேரம் காட்டுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

நாவலின் பாலு ஆட்டக்காரன் இல்லை, வாத்தியார். காட்டின் சட்டத்தைக் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கிழட்டுக் கரடி. ஐம்பது அடி உயரத்தில் தேன்கூட்டைக் கண்டால் தேனீக்களிடம் எப்படி மரியாதையாகப் பேசுவது, குளத்தில் குதிக்கும் முன் தண்ணிப் பாம்புகளுக்கு எப்படி அறிவிப்பது என்பதெல்லாம் அவனுடைய பாடங்கள். பாடத்தில் பிழை விட்டால் அடியும் உண்டு. பிள்ளையின் முகம் கன்றிப்போயிருக்கிறதே என்று கருஞ்சிறுத்தை பகீரா பாலுவைக் கேட்கும் இடம் ஒன்று வருகிறது. அதை வாசித்தால் நம் பழைய பள்ளிக்கூடங்கள் ஞாபகம் வரும்.

1967 படத்தில் பாலுவுக்கு முதலில் சின்ன வேடம்தான் வைத்திருந்தார்கள். ஃபில் ஹாரிஸ் என்ற நடிகரின் குரல் வால்ட் டிஸ்னிக்குப் பிடித்துப்போக, பாத்திரம் வளர்ந்தது. வாத்தியார் போய்க் கூட்டாளி வந்தார். அந்தப் பாட்டை நானும் முணுமுணுத்திருக்கிறேன், நல்ல பாட்டு. ஆனால் தேனீக்கு மரியாதை சொல்லிவிட்டு மரத்தில் ஏறு என்ற பாடம் படத்தில் இல்லாமல் போய்விட்டது. காட்டுக்குள் கால் வைக்கும் முன் ஐயனாருக்குக் குழை முறித்துக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். அந்தப் பாடம் நமக்குத்தான் முதலில் விளங்கும்.

தரம் 11 மாணவன், ஒட்டுசுட்டான்: படத்தில் வருகிற பாம்பு கா மௌக்லியைச் சுற்றி விழுங்கப் பார்க்கிறது. புத்தகத்திலும் அப்படியா?

நேர்மாறு தம்பி. நாவலில் கா மௌக்லியின் ஆள். குரங்குகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாழடைந்த நகரத்துக்குப் போனபோது, பாலுவும் பகீராவும் போய்க் கூப்பிட்டது காவைத்தான். குரங்குகளுக்கு உலகத்திலேயே பயம் அந்த ஒரு வெங்கிணாந்திக்குத்தான். நிலா வெளிச்சத்தில் கா ஆடுகிற ஆட்டத்தில் கட்டுண்டு, குரங்குகள் ஒவ்வோர் அடியாக அதன் வாய்ப்பக்கம் நகரும். பாலுவும் பகீராவும்கூட மயங்கி நகரத் தொடங்க, மௌக்லிதான் தொட்டு எழுப்புகிறான். வாசிக்கும்போது என் கை சில்லிட்ட இடம் அது. படக்காரர்கள் மயக்கும் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நட்பை விட்டுவிட்டார்கள். பாம்பென்றால் வில்லன் என்று வைத்தால் வேலை சுகம், அவ்வளவுதான்.

அதே மாணவன்: குரங்கு ராசா?

அப்படி ஒருவர் நாவலில் இல்லவே இல்லை. லூயி ராசா டிஸ்னி உண்டாக்கியது, அதுவும் ஒராங்குட்டான். அந்த மிருகம் இந்தியக் காட்டிலேயே கிடையாது. 2016 படத்தில் அதைச் சமாளிக்க, எப்போதோ அழிந்துபோன பெரிய வாலில்லாக் குரங்கினம் ஒன்றாக மாற்றினார்கள். எனக்கு வருத்தம் வேறு. நாவலில் குரங்குகளின் குணமே அவற்றுக்குத் தலைவனும் இல்லை, சட்டமும் இல்லை, ஞாபகமும் இல்லை என்பதுதான். இதைச் செய்யப்போகிறோம், அதைச் செய்யப்போகிறோம் என்று கத்திவிட்டு, ஒரு கொட்டை விழுந்த சத்தத்தில் எல்லாவற்றையும் மறந்துபோகும். அவற்றுக்கு ஒரு ராசாவைக் கொடுத்தால் கதையின் அந்தப் பகுதிக்கே அர்த்தமில்லை.

ஓர் இளம் ஆசிரியர், கிளிநொச்சி: டிஸ்னி ஏன் இவ்வளவு மாற்ற வேண்டும்?

முதல் திரைக்கதையை பில் பீட் என்பவர் நாவலுக்குக் கிட்டவாகத்தான் எழுதினார். இருட்டாக இருக்கிறது என்று வால்ட் டிஸ்னி ஒதுக்கினார், பீட் கோபித்துக்கொண்டு நிறுவனத்தை விட்டே போனார். அப்புறம் வந்த எழுத்தாளரிடம் புத்தகத்தைக் கொடுத்து, இதை வாசிக்க வேண்டாம் என்று டிஸ்னி சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1966 டிசம்பரில் அவர் இறந்தார், படம் அடுத்த வருடம் ஒக்ரோபரில் வந்தது. நிறமும் பாட்டும் குரல்களும் இன்றைக்கும் நன்றாகவே இருக்கின்றன. குழந்தையை மடியில் வைத்துப் பார்க்க அது அருமையான படம். நாவலைப் படமாக்கியது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

எருமைப்பட்டி வைத்திருக்கும் ஓர் அண்ணை, துணுக்காய்ப் பக்கம்: புலி ஷேர்கான் புத்தகத்தில் எப்படிச் சாகிறது? ஒரு படத்தில் வாலில் நெருப்போடு ஓடுகிறது, மற்றதில் நெருப்புக்குள் விழுகிறது.

அண்ணை, இது உங்களுக்கென்றே எழுதின இடம். நாவலில் ஷேர்கானைக் கொல்வது நெருப்பு இல்லை, எருமைகள்.

ஓநாய்க் கூட்டத்தை விட்டு ஊருக்குப் போன மௌக்லிக்கு அங்கே கிடைத்த வேலை எருமை மேய்ப்பது. ராமா என்ற பெரிய கடாவின் முதுகில் ஏறித்தான் காலையில் புறப்படுவான். புலி ஒரு பன்றியைத் தின்று, தண்ணியும் குடித்துவிட்டு, ஆற்றோரப் பள்ளத்தாக்கில் படுத்திருக்கிறது என்று தெரிந்ததும், கிழட்டு ஓநாய் அகேலாவின் உதவியோடு மந்தையை இரண்டாகப் பிரிக்கிறான். எருமை நாகுகளும் கன்றுகளும் பள்ளத்தின் அடிவாயில். கடாக்கள் மேல்வாயில். பிறகு மேலே இருந்து கடாக்களைக் கலைத்துவிடுகிறான். இரண்டு பக்கமும் செங்குத்துக் கரை. வயிறு நிறைந்த புலியால் ஏற முடியாது. கீழே ஓடப் பார்த்த ஷேர்கான் திரும்பிவிடுகிறது. ஏனென்றால் கன்றோடு நிற்கிற எருமையை எதிர்ப்பதைவிடக் கடாக்களை எதிர்ப்பது மேல் என்று அதற்குத் தெரியும்.

அந்த ஒரு வரிக்காகவே கிப்ளிங்குக்குக் கும்பிடு போடலாம். எருமையில் மழை பெய்த மாதிரி என்று நாங்கள் பழமொழி சொல்கிறோம். கன்று ஈன்று மூன்று நாளான எருமைக்குக் கிட்டப் போனவன் அதைச் சொல்லமாட்டான். உங்களுக்குத் தெரியும், தயிருக்குப் பால் கறக்கப் போய் வேலிமேல் பாய்ந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

இரண்டு படத்திலும் மந்தை இப்படிப் புலியை முடிக்கவில்லை. அதோடு ஒரு சிறுவன் மேய்ச்சல்காரனாக இருந்து கற்ற அறிவால் புலியை வென்ற கதையும் போய்விட்டது.

தரம் 9 மாணவி, முத்தையன்கட்டு: 2016 படத்தில் எல்லா மிருகமும் சண்டையில்லாமல் தண்ணி குடிக்கிற காட்சி எனக்குப் பிடித்தது. அது உண்மையான கதையா?

ஆம், இரண்டாம் புத்தகத்தின் முதல் கதை. வரட்சியில் ஆறு வற்றி, நடுவில் ஒரு நீலப் பாறை வெளியே தெரிந்தால், யானை ஹாத்தி தும்பிக்கையை உயர்த்தித் தண்ணீர்ச் சமாதானத்தை அறிவிக்கும். அதற்குப் பிறகு தண்ணி குடிக்கும் இடத்தில் கொல்கிறவனுக்கு மரணம். அந்த வரட்சி வரப்போகிறது என்பதற்கு முதல் அடையாளமாக, பாலுவுக்குப் பிடித்த மரம் பூக்காமல் போகும். அது இலுப்பை. நம் கோயில் வீதிகளில் நிற்கிற இலுப்பையின் சொந்தம். ஆவணியில் உன் குளத்தின் அடி வெடித்துக் கிடக்கும்போது சேற்றில் மான் காலடியும் யானைக் காலடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்குமே, அதைப் பார்த்துவிட்டு இந்தக் கதையை வாசி. இரண்டு படங்களில் காட்டின் சட்டத்தை மதித்தது இந்தப் படம்தான். இத்தனைக்கும் அந்தக் காடு முழுவதும் கணினியில் உண்டாக்கியது, படம் பிடித்தது லொஸ் ஏஞ்சல்ஸ் கலையகத்தில்!

ஒரு வாசகர், வவுனியா: கிப்ளிங் வெள்ளையர் ஆட்சியைத் தூக்கிப் பிடித்தவர். அவரை ஏன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?

தூக்கிப் பிடித்தவர்தான், மறைக்க ஒன்றுமில்லை. 1865இல் மும்பையில் பிறந்து, இந்தக் கதைகளை அமெரிக்காவின் வெர்மொன்ட்டில் பனிக்குள் இருந்து எழுதினார். ஊர் மனிதர்களை அவர் மூடநம்பிக்கைக்காரராகக் காட்டும் இடங்களில் நான் வாசிப்பதை நிறுத்திப் பிள்ளைகளோடு கதைப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒளித்துவைத்தால் கதைக்க வழியில்லை.

ஒரு தங்கச்சி, புதுக்குடியிருப்பு: மகளுக்கு இரண்டாம் புத்தகம் வாசித்துக்கொண்டு போனேன். காட்டை ஊருக்குள் விடுகிற கதை வந்தது. வாசிக்க ஏலாமல் மூடிவிட்டேன். ஏன் மௌக்லி இப்படிச் செய்தான் என்று மகள் கேட்கிறாள்.

தங்கச்சி, அந்த இடத்தில் நானும் ஒருமுறை மூடியிருக்கிறேன். நாங்கள் பார்த்த இரண்டு படத்திலும் இந்தக் கதை இல்லை.

மௌக்லிக்குச் சோறு போட்ட மெசுவாவையும் அவள் புருஷனையும் சூனியக்காரர் என்று ஊரார் கட்டிவைத்து அடிக்கிறார்கள். மௌக்லி அவர்களை விடுவித்து அனுப்பிவிட்டு, ஹாத்தியிடம் போய் ஊரை அழிக்கக் கேட்கிறான். மானும் பன்றியும் பயிரைத் தின்கின்றன. யானைகள் கூரையைப் பிரிக்கின்றன. ஆட்கள் மழைக்குள் வெளிக்கிட்டுப் போகிறார்கள். ஆனால் ஒரு மனிதரையும் கொல்லக்கூடாது என்று மௌக்லி முதலே சொல்லிவிடுகிறான். மெசுவாவின் இரத்தத்தை மணந்தவன் அவன், இன்னொரு முறை மணக்க விரும்பவில்லை. மகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

கதையின் முடிவில் ஒரு பாட்டு வரும். வீட்டையெல்லாம் மூடப்போகிற கொடியின் பெயர் அதில் திரும்பத் திரும்ப வருகிறது: கறேலா. பாகல். கசக்கிற பாகல்.

2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் குசினி இருந்த இடத்தில் குருவித்தலைப் பாகல் கூரை மட்டத்துக்கு ஏறியிருந்தது. வேலிக்கு நட்ட கதியால் எல்லாம் மரமாகி நின்றன. கிணற்றுக்கட்டைக் கால் மணி நேரம் தேடினோம். அம்மா கொடியை அறுக்கவில்லை, முதலில் காயை ஆய்ந்து மடியில் போட்டார். அன்று பின்னேரம் கூடாரத்துக்கு வெளியே மூன்று கல் வைத்து அதைத்தான் கறி வைத்தோம். மௌக்லியின் பாட்டை எழுதியவர் காட்டை அறிந்தவர். கொடிக்குள் நின்று காய் ஆய்கிறவளை அவர் பார்க்கவில்லை. அந்தப் பகுதியை மகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தரம் 6 மாணவன், முள்ளியவளை: மௌக்லி பெரிய ஆளாகி என்ன ஆனான்? ஓநாய்களை மறந்துவிட்டானா?

1967 படத்தில் தண்ணி அள்ள வந்த சிறுமியின் பின்னால் ஊருக்குள் போவதோடு சரி. 2016 படத்தில் காட்டிலேயே இருந்துவிடுகிறான். ஆனால் கிப்ளிங் இதற்கெல்லாம் முதல், 1893இல், வளர்ந்த மௌக்லியைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார். அதில் அவன் அரசாங்கத்தின் வனக்காவலன், சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. கலியாணமும் கட்டுகிறான். கடைசியில் வன அதிகாரி கிஸ்போர்னும் அவருடைய மேலதிகாரி முல்லரும் காட்டு வழியே போகும்போது, முட்புதர் நிழலில் ஒரு சின்னக் குழந்தை கிடப்பதையும், அதன் பின்னால் சாம்பல் ஓநாயின் தலையையும் கண்டு, முல்லர் துவக்கைத் தூக்குகிறார். கிஸ்போர்ன் சட்டென்று துவக்கைத் தட்டிவிட, வெடி மரக்கிளையில் படுகிறது. குழந்தை மௌக்லியுடையது, தம்பி. ஓநாய் அதற்குக் காவல்.