கீபோர்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? கிட்டார் ஆம்ப் பக்கம் போகாதீர்கள்

தென்காசிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஊர் மெல்லிசைக் குழுவில் 61 கீ கீபோர்டு வாசிக்கிறேன் சார். நண்பரின் 40 வாட்ஸ் கிட்டார் ஆம்ப்பில்தான் இத்தனை நாள் ஓட்டினேன். பியானோ டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது, சத்தம் கூட்டினால் கரகரக்கிறது. 100 வாட்ஸ் கிட்டார் ஆம்ப் வாங்கினால் சரியாகுமா, இல்லை கீபோர்டு ஆம்ப்பா, பவர்டு ஸ்பீக்கரா? ஒன்றுதான் வாங்க முடியும். கோயில் கொடை, கல்யாணம், ரிகர்சல் எல்லாவற்றுக்கும் அதுவே உதவ வேண்டும்."

சரியாகாது. 100 வாட்ஸிலும் இதே டப்பாச் சத்தம்தான், கொஞ்சம் பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, அதற்குக் கீழே அந்த ஆம்ப்புக்கு வேலை இல்லை. மேலே சுமார் 5000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அதன் ஸ்பீக்கரில் சத்தம் சட்டென்று விழுந்துவிடும், கீச்சொலிகளுக்கான ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கரே கிடையாது. ராக் கிட்டாரின் கரகர ஒலியான டிஸ்டார்ஷனின் கூர்மை காதைக் குத்தாமல் இருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், கிட்டாருக்கு அது அழகு. ஆனால் உங்கள் கீபோர்டின் கடைசி இடது கீ 65 ஹெர்ட்ஸ், ஒரு ஆக்டேவ் இறக்கினால் 33-க்குப் பக்கம். ரிதத்தில் வரும் ஜால்ரா, ஹைஹேட், கஞ்சிரா சலங்கை இதெல்லாம் பளிச்சென்று கேட்பதே 5000-க்கு மேலேதான். இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் கொடுத்தால் பியானோ டப்பாவாகத்தான் கேட்கும். அந்தக் கரகரப்புக்கும் காரணம் இருக்கிறது: கிட்டார் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வரும் சின்ன சிக்னலை எதிர்பார்த்து நிற்கும் இன்புட்டில் அதைவிடப் பல மடங்கு பலமான கீபோர்டு சிக்னலைத் திணிக்கிறீர்கள்.

வாட்ஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கடைகளில் இதை வைத்துத்தான் விற்கிறார்கள். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். 40-லிருந்து 100-க்குப் போனால் 4 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். பெட்டியில் "1000 வாட்ஸ்" என்று போட்டிருந்தால் அது பீக்கா (ஒரு கணம் மட்டும் தொடும் உச்சம்), தொடர்ந்து தரக்கூடிய அளவா என்று கேளுங்கள், பெரும்பாலும் பீக்தான். மேக்ஸிமம் எஸ்பிஎல், அதாவது அதிகபட்சம் எத்தனை டெசிபல் சத்தம் தரும், என்று பார்த்து ஒப்பிடுவது மேல்.

உங்கள் நிலையில் நான் ஒரு பவர்டு ஸ்பீக்கர்தான் வாங்குவேன். 10 அல்லது 12 இஞ்ச், ஹார்ன் ட்வீட்டருடன், ஆம்ப் உள்ளேயே இருப்பது. பஸ்ஸிலும் பைக்கிலும் தூக்கிப் போகிறவர் என்றால் 10 போதும்; யமஹா டிபிஆர்10 பத்தரை கிலோதான். சின்ன மண்டபத்தில் அதையே ஆட்களுக்கும் திருப்பி வைக்க வேண்டியிருந்தால் 12. கீபோர்டு ஆம்ப் மோசம் என்று சொல்ல மாட்டேன். ரோலண்ட் கேசி-600 போன்றவை 15 இஞ்ச், 200 வாட்ஸ், நாலு சேனல். கீபோர்டு, லேப்டாப், ஒரு மைக் எல்லாவற்றையும் மிக்ஸரே இல்லாமல் செருகலாம், ரிகர்சல் அறைக்கு அருமையான பொருள். ஆனால் கனம். ஸ்டாண்டில் ஏற்றி மண்டபத்துக்குத் திருப்பவும் அது தோதுப்படாது.

இதில் முக்கியமான ஒன்று. கொடையில் கூட்டத்துக்குக் கேட்க வைப்பது சவுண்ட் சர்வீஸ்காரரின் வேலை, உங்கள் ஸ்பீக்கர் உங்களுக்காக. அதனால் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் போடுங்கள், கீபோர்டு சிக்னலை நீளக் கேபிளில் மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. கீபோர்டிலிருந்து டிஐக்கு, டிஐயிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள்) மெயின் மிக்ஸருக்கு, அதே டிஐயின் லிங்க் அவுட்டிலிருந்து உங்கள் ஸ்பீக்கருக்கு. இப்போது உங்களுக்குக் கூட்ட வேண்டுமானால் ஸ்பீக்கரின் பின்னால் கூட்டிக்கொள்ளலாம், வெளியே ஒன்றும் மாறாது. கீபோர்டின் வால்யூமை முக்கால் அளவில் வைத்து சவுண்ட் செக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதைத் தொடவே கூடாது. கரண்ட் தேவைப்படாத பாசிவ் டிஐ போதும், கீபோர்டு சிக்னலுக்கு அதுவே தாராளம். ஹம் என்ற ரீங்காரம் வந்தால் டிஐயில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஈரமான மைதானத்தில் அது உயிரோடு விளையாடுவது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

உங்கள் கீபோர்டில் லைன் அவுட் (மிக்ஸருக்கு, ஸ்பீக்கருக்கு என்றே வைத்த ஓட்டை) இல்லாமல் ஹெட்ஃபோன் ஓட்டை மட்டும் இருந்தால் இதையும் படியுங்கள். ஒரு கல்யாண வரவேற்பில் என் கீபோர்டின் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒரு கேபிள் போட்டார்கள். பேஸ் இல்லை, கிக் இல்லை, பியானோவின் எக்கோ வால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. கேபிள் மாற்றினோம், சேனல் மாற்றினோம், அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் பின்னைக் கழற்றிப் பார்த்தால் அதில் இரண்டு கருப்பு வளையங்கள், அதாவது ஸ்டீரியோ பின். மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடுகிறது, இரண்டிலும் பொதுவாக இருப்பதெல்லாம் காணாமல் போகிறது. அதற்காக ஒற்றை வளைய மோனோ பின்னைச் செருகினால் வலது சேனல் எர்த்தோடு ஷார்ட் ஆகும். ஒரு முனையில் ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு மோனோ பின் உள்ள ஒய் கேபிள்தான் சரி. இந்தத் தடித்த 6.35 மி.மீ. பின்னைக் கடையில் பி-38 ஜாக் என்று கேட்டாலும் கொடுப்பார்கள்.

லைன் அவுட் இரண்டு இருந்தால், ஒற்றை ஸ்பீக்கருக்கு 'எல்/மோனோ' என்று எழுதியிருப்பதில் மட்டும் செருகுங்கள். சில ஸ்டீரியோ பியானோக்கள் மோனோவாகச் சேரும்போது வெறுமையாக ஒலிக்கும், அப்போது வேறு பியானோ டோனைத் தேடுங்கள், ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம்.

மேடையில் ஸ்பீக்கரைக் கால் பக்கம் நிமிர்த்தி வைக்காதீர்கள். ஹார்னின் சத்தம் நேர்கோட்டில் போகிறது, முழங்காலுக்குத்தான் ட்வீட்டர் கேட்கும். படுக்க வைத்து முகத்தைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள், பல பெட்டிகளை அந்தச் சாய்வுக்கென்றே வெட்டியிருப்பார்கள். ஆன் செய்யும்போது ஸ்பீக்கர் கடைசி, ஆஃப் செய்யும்போது அதுதான் முதலில், ஜெனரேட்டரில் ஓடும்போது கண்டிப்பாக.

கடைக்குப் போகும்போது உங்கள் கீபோர்டையும் கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் மொபைலில் போட்டுக் காட்டும் பாட்டு வேண்டாம். மேடையில் வைக்கும் வால்யூமில் இடது கையில் கடைசி ஆக்டேவ், வலது கையில் ஸ்ட்ரிங்ஸ், கூடவே ஜால்ரா உள்ள ஒரு ரிதம். பேஸ் வாசிக்கும்போது பெட்டி அதிர்ந்து கடகடத்தால் அடுத்ததைக் கேளுங்கள்.