"அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக": கையெழுத்திடும் முன்

நீங்களே எழுதி, மெட்டமைத்து, பாடி, வீட்டு அறையிலேயே ஒலிக்கலவையும் முடித்த பாடலுக்கு ஒரு நிறுவனம் 40,000 ரூபாய் மொத்தமாகத் தந்து, "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்று கையெழுத்துக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியே கையெழுத்திட வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்களிடம் இருப்பது ஒரே உரிமையன்று. வரிகள், இசையமைப்பு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பதிப்புரிமை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் (பாடல் பயன்படுத்தப்படும்போது கிடைக்கும் பங்குத்தொகையில்) உரிமையை வாங்கியவருக்கு இணையாகத் தமக்குள்ள சமபங்கை வாரிசுக்கோ, வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறெவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாது; இதற்கு மாறாக எழுதப்பட்ட ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது. ஆனால் ஒலிப்பதிவுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களின் வருமானத்தில் பெரும்பகுதி ஒலிப்பதிவின் உரிமையாளருக்கே போகிறது. ஒப்பந்தத்தில் காலவரையறை குறிப்பிடப்படாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளும் என்பதால், "நிரந்தரமாக" என்ற சொல் சும்மா சேர்க்கப்பட்டதல்ல.

(என் முதல் பாடலின் உரிமைகளை இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். பிறகு அதே ஒலிப்பதிவை என் யூடியூப் சேனலில் ஏற்றியபோது, எனக்கே பதிப்புரிமை அறிவிப்பு வந்தது.)

ஆகவே, ஒலிப்பதிவை விற்காமல் ஐந்து ஆண்டு உரிமமாக மட்டும் தர முடியுமா என்று கேளுங்கள். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான, 1969 முதல் இயங்கிவரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் பதிவுசெய்யுங்கள். பாடலை நீங்களே உருவாக்கியதற்குச் சான்றாக, ஒலிக்கலவைக் கோப்புகளைத் தேதி மாறாமல் ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் வைத்திருங்கள். அவர்கள் உரிமத்துக்கு இணங்கினால், முன்பணம் 40,000 ரூபாயைவிடக் குறைந்தாலும் ஒப்புக்கொள்ளலாம்.