"ஒன்றே ஒன்று" என்று மனம் கேட்கும்போது

கேள்வி: சிகரெட்டை விட்டு 40 நாளாகிறது. முதல் வாரத்து எரிச்சலும் தூக்கமின்மையும் போய்விட்டன. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதும், "ஒன்றே ஒன்று பிடித்தால் என்ன?" என்று மனம் அரிக்கிறது. நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்தால் இன்னும் அதிகமாகிறது. ஏன்?

பதில்: நிக்கோட்டின் சில நாட்களிலேயே உடம்பைவிட்டுப் போய்விடும். விட்டதால் வரும் பதற்றம் முதல் 2, 3 நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 3, 4 வாரங்களில் அடங்கும். இப்போது உங்களை இழுப்பது பழகிப்போன நினைப்பு. சாப்பாடு முடிந்தால் அடுத்தது சிகரெட் என்று மூளை ஆயிரக்கணக்கான தடவை படித்திருக்கிறது. குழாயில் தண்ணீர் விழும் சத்தமே அதைக் கிளப்பப் போதும்.

இந்த நினைப்பு ஒரே மூச்சில் வருவதுபோலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் உள்ளே மூன்று கண்ணிகள் இருக்கும். உளசிகிச்சை அறிஞர் ஆரன் பெக்கும் அவருடைய சகாக்களும் 1993-இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது எதிர்பார்ப்பு: "பிடித்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்." இரண்டாவது நிவாரணம்: "பிடிக்காவிட்டால் இந்தத் தவிப்பு தாங்காது." மூன்றாவது அனுமதி: "40 நாள் இருந்தாச்சே, ஒன்றில் என்ன ஆகிவிடும்?" முதல் இரண்டும் எல்லோருக்கும் வரும், வந்து போகட்டும். கை பாக்கெட்டைத் தேடத் தொடங்குவது மூன்றாவதற்குப் பிறகுதான். நீங்கள் காவல் வைக்க வேண்டிய இடம் அது.

ஒரு வாரத்துக்குச் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம், இடம், அதற்கு முன் நடந்தது, தவிப்புக்கு 10-இல் எத்தனை மதிப்பெண், மனம் சொன்ன வாக்கியம் — இவ்வளவும் எழுதுங்கள். வாக்கியத்தை வந்த சொற்களிலேயே எழுதுவது முக்கியம். "புகைக்கத் தோன்றியது" என்று எழுதினால் ஒன்றும் பிடிபடாது. "இன்றைக்கு இவ்வளவு வேலை பார்த்திருக்கிறேன், இதுகூடவா கூடாது?" என்று எழுதினால் பிடிபடும். வாரக் கடைசியில் பார்த்தால், பெரும்பாலும் அதே இரண்டு மூன்று வாக்கியங்கள்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும், மனம் அமைதியாக இருக்கும்போதே பதில் எழுதி வையுங்கள். தவிப்பு ஏறிய பிறகு வாதாட முடியாது. "புற்றுநோய் வரும்" என்ற பதில் அந்த நிமிடத்தில் எடுபடாது. அது எப்போதோ வரக்கூடியது, சிகரெட்டோ இப்போதே கிடைக்கும். "போன தடவையும் ஒன்றில்தான் ஆரம்பித்தேன், மூன்றாம் நாள் பாக்கெட்டே வாங்கினேன்" என்ற உங்கள் சொந்தக் கணக்கு எடுபடும்.

அடக்க அடக்க அதிகமாவது உங்கள் பலவீனம் அல்ல. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் நடத்திய சோதனையில், கரடிதான் திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே தவிப்பை விரட்டாதீர்கள். உளவியலாளர் ஆலன் மார்லட் சொன்னபடி அதை ஓர் அலையாகப் பாருங்கள்: தொண்டையிலா, நெஞ்சிலா, விரல் நுனியிலா, எங்கே இருக்கிறது? ஏறுகிறதா, இறங்குகிறதா? பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். "போய்விட்டதா, போய்விட்டதா" என்று நிமிடத்துக்கொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தால், அதுவும் விரட்டுவதுதான். தவிப்பு பலருக்கு மனக்கண்ணில் படமாகத்தான் ஓடும். அந்த இடத்தை வேறு படத்தால் நிரப்புங்கள். தினமும் போகும் வழியை ஒவ்வொரு திருப்பமாக நினைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. வீட்டில் ஒரு பாக்கெட்கூட இருக்கக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தவிப்பு கூடும்.

கேள்வி: மூன்று மாதம் குடிக்காமல் இருந்தேன். ஒரு விருந்தில் ஒரு கிளாஸ் குடித்தேன். "எல்லாம் போச்சு" என்று தொடர்ந்து நான்கு நாள் குடித்துவிட்டேன்.

பதில்: அந்த ஒரு கிளாஸைவிட "எல்லாம் போச்சு" என்ற நினைப்புதான் நான்கு நாளையும் கொண்டுவந்தது. மார்லட் இதைத்தான் வலியுறுத்தினார்: சறுக்கலை "நான் உருப்படாதவன்" என்று படித்தால் அது முழு வீழ்ச்சியாகிவிடும். மூன்று மாதத்தில் பழகியது ஒரு கிளாஸில் அழியாது. அந்த நாளைப் பின்னோக்கி எழுதிப் பாருங்கள். விருந்துக்குப் போக முடிவெடுத்தது எப்போது? துணைக்கு யாரையும் அழைக்காதது ஏன்? குடிப்பவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது எப்படி? சாதாரணமாகத் தெரிந்த இந்தச் சின்ன முடிவுகளில்தான் சறுக்கல் தொடங்கியிருக்கும்.

கேள்வி: என் கணவர் பல வருடமாகத் தினமும் நிறையக் குடிக்கிறார். மனதைக் கட்டுப்படுத்தி நாளையே நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இப்படிக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் குழப்பம், இல்லாததைக் காண்பது, கடும் நடுக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தோடு, கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். மேலே சொன்ன நோட்டும் வாக்கியமும் அதற்குப் பிறகு.