பிரிட்டன் ஸ்பௌஸ் விசாவுக்கு வங்கி இருப்பு காட்ட அப்பாவின் நிலத்தை விற்க வேண்டுமா?

கேள்வி: "எங்கள் ஊர் அரூர் பக்கம். பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள தமிழரை மணந்திருக்கிறேன். அவருக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு சம்பளம், விசாவுக்கு அது போதாது என்கிறார்கள். மீதிக்கு வங்கியில் பணம் காட்டலாமாம். அப்பா இரண்டு ஏக்கரை விற்றுத் தருகிறேன் என்கிறார். விற்கலாமா?"

விற்க வேண்டாம். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். என் தங்கையை இதே வழியில்தான் காவேரிப்பட்டணத்திலிருந்து அனுப்பினோம். காகிதம், வங்கி, கணக்கு எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2024 ஏப்ரல் 11-க்கு முன்பு கணவருக்கு 18,600 பவுண்டு வருமானம் இருந்தால் போதும். அன்றிலிருந்து அது 29,000 ஆகிவிட்டது. வருமானம் குறைந்தால் சேமிப்பைக் காட்டலாம், ஆனால் குறையும் தொகையை மட்டும் காட்டினால் போதாது. குறைவதை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 பவுண்டு சேர்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு 4,000 குறைகிறது. இரண்டரை மடங்கு 10,000. அதோடு 16,000 சேர்த்தால் 26,000 பவுண்டு. வருமானமே காட்டாமல் முழுக்கச் சேமிப்பில் போவதென்றால் 88,500 பவுண்டு வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று அந்த 16,000. சம்பளம் 28,000 ஆனாலும் நீங்கள் 18,500 பவுண்டு காட்டியே ஆக வேண்டும். 29,000-ஐத் தொட்டுவிட்டால் ஒரு பவுண்டு கூடக் காட்ட வேண்டாம். ஆகவே நிலத்தைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் கணவரிடம் பேசுங்கள். மணிக்கணக்குச் சம்பளம் என்றால் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்த கடைசி ஆறு மாதத்தின் சராசரியை எடுப்பார்கள், ஓவர்டைமும் சேரும். சனி ஞாயிறுகளில் இன்னொரு வேலை பார்த்தால் அந்தச் சம்பளத்தையும் கூட்டிக்கொள்ளலாம். மாதச் சம்பளம் என்றால் கதை வேறு, அந்த ஆறு மாதத்தில் எந்த மாதம் குறைவோ அதை வைத்துத்தான் ஆண்டுக் கணக்குப் போடுவார்கள். நடுவில் கம்பெனி மாறினால் கடைசிப் பன்னிரண்டு மாத வருமானத்தையும் பார்ப்பார்கள். அவசரப்பட்டு வேலை மாற வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். இங்கே நீங்கள் வாங்கும் சம்பளம் முதல் விண்ணப்பத்தில் கணக்கில் வராது. உங்கள் சேமிப்பு மட்டும் வரும்.

எங்கள் மாப்பிள்ளைக்கு அப்போது கூடுதல் வேலை கிடைக்கவில்லை. சேமிப்பு வழியில்தான் போனோம். அப்பா ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் போட்ட எஃப்.டி. இருந்தது, மாந்தோப்புக் குத்தகைப் பணமும் கொஞ்சம் இருந்தது. தொகையைச் சேர்ப்பதை விட, அதைச் சரியான பெயரில் போட்டு ஆறு மாதம் அசையாமல் வைத்திருப்பதுதான் சிரமம்.

விதி இதுதான். பணம் உங்கள் பெயரிலோ, கணவர் பெயரிலோ, இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதமும் தேவையான தொகைக்குக் கீழே ஒரு நாள் கூட இறங்கக் கூடாது. கடன் வாங்கிய பணம் செல்லாது. அப்பா அம்மா அன்பளிப்பாகக் கொடுத்தால் செல்லும், ஆனால் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும்.

நம் பக்கத்துப் பணப் புழக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். சீட்டு எடுத்த பணம், நகை வைத்து வாங்கிய பணம், தக்காளி போட்டு வந்த ரொக்கம், மாமாவிடம் கைமாத்து எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெரிய தொகை ஆகும். உழைத்துச் சேர்த்த நேர்மையான பணம்தான், ஆனால் அதற்குக் காகிதம் இருக்காது. பிரிட்டனில் உட்கார்ந்து ஸ்டேட்மென்ட் பார்ப்பவருக்கு நம் குடும்பத்தைத் தெரியாது. திடீரென்று ஒரே நாளில் ஏழெட்டு லட்சம் ரொக்கமாக வரவானால் என்ன நினைப்பார்? நம் நாட்டுச் சட்டமும் இதை விடாது. ஒருவரிடமிருந்து ரொக்கமாக இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் வாங்கக் கூடாது, அன்பளிப்பாக இருந்தாலும் சரி. அதனால் அப்பா கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வங்கி மூலமாகவே மாற்றுங்கள். அப்பா மகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு எவ்வளவு தொகையானாலும் வருமான வரி இல்லை. உறவு அல்லாதவர் தந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினாலே வரி வந்துவிடும்.

அன்பளிப்புக் கடிதம் ஒன்று எழுதி வாங்கினோம். கொடுப்பவர் யார், என்ன உறவு, எந்தத் தேதியில் எவ்வளவு, பணம் எப்படி வந்தது, இது கடன் அல்ல, திரும்பக் கேட்கமாட்டேன். இவ்வளவுதான் அதில் இருந்தது. கடைசி வரியைப் படித்ததும் அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மகளுக்குக் கொடுத்ததை எவனாவது திரும்பக் கேட்பானா? இதைப் போய் எழுதச் சொல்றியே" என்று என்னைத்தான் கோபித்தார். அம்மா சமாதானம் சொன்ன பிறகு தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தமிழில் இருக்கும் எந்தக் காகிதத்துக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். குத்தகை ஒப்பந்தம், சிட்டா எல்லாம் இதில் அடங்கும்.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருகிறேன். சொத்து விற்ற பணத்துக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு சலுகை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த நிலமோ வீடோ விண்ணப்பிக்கிற உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ ஆறு மாதத்துக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் நிலத்துக்கு இது பொருந்தாது. அப்பா விற்றுத் தந்தால் அது வெறும் அன்பளிப்பு, உங்கள் கணக்குக்கு வந்த நாளிலிருந்துதான் ஆறு மாதம் ஓடத் தொடங்கும். அதுவும் பத்திரத்தில் எழுதும் தொகை வரைக்கும்தான் காகிதம் பேசும். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாக வாங்கினால், அந்த மீதியைக் கணக்கில் காட்டவே முடியாது. கிணறும் பாதையும் இருக்கும் இரண்டு ஏக்கரை, ஆறு மாதம் பாஸ்புக்கில் சும்மா கிடக்கப் போகும் ஒரு எண்ணுக்காக விற்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. இந்தப் பணத்தை யாரும் வாங்கிக்கொள்வதில்லை, விசா வந்ததும் அது உங்கள் கணக்கிலேயேதான் இருக்கும். நிலம் திரும்ப வராது.

பணத்தைப் பிரிட்டனுக்கு அனுப்பவும் தேவையில்லை. இது தெரியாமல் பலர் வெளிநாட்டுக்கு அனுப்பி, ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்கவிட்டு, வருமான வரித் தாக்கலில் திரும்ப வாங்கும் வரை காத்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கியில் உங்கள் பெயரில் இருந்தால் போதும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் போட்டது வேண்டாம், அதை வங்கிக்கு மாற்றிவிடுங்கள். இங்கே திறக்கும் கணக்கு உங்கள் தனிப்பெயரில் இருப்பதே நல்லது. அப்பாவோடு கூட்டுக் கணக்கும் வேண்டாம், யாருடைய பணம் என்ற கேள்வி வரும். எஃப்.டி.யில் வைக்கலாம், ஆனால் எந்த நேரமும் உடைத்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உடைத்தால் வட்டி குறையும் என்பது பிரச்சினை இல்லை. வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்தாண்டு எஃப்.டி. உதவாது. நகை, எல்.ஐ.சி. பாலிசி இவையெல்லாம் சேமிப்பாகக் கணக்கில் வராது. நகையை விற்றுப் பணமாக்கினால் வரும், அதற்கும் ஆறு மாதம்.

தொகையில் தாராளமாக இடம் விடுங்கள். ரூபாயை விண்ணப்பிக்கும் நாளின் ஓவாண்டா இணையதள மாற்று விகிதத்தில்தான் பவுண்டாக்குவார்கள். ஒரு பவுண்டு 110 ரூபாய் என்றால் 26,000 பவுண்டுக்கு 28 லட்சத்து 60 ஆயிரம். அதுவே 120 ஆனால் 31 லட்சத்து 20 ஆயிரம். ஆறு மாதம் பொறுமையாக வைத்திருந்து, கடைசி வாரத்தில் ரூபாய் சரிந்ததால் தொகை பற்றாமல் போனால் எவ்வளவு வேதனை! விசா கட்டணத்தையும் இந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டாம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு கட்டும் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 1,035 பவுண்டு, முதல் விசாவின் 33 மாதத்துக்கு 3,105 பவுண்டு ஆகிறது. அதைத் தனியாக ஒதுக்குங்கள்.

இந்த ஆறு மாதத்தில் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதும் ஒரு வேலை. எங்கள் வீட்டில் முப்பது லட்சத்துக்கு மேல் கிடக்கிறது என்று தெரிந்ததும், "ரெண்டே நாள், மாங்கூழ் பேக்டரியில பணம் வந்ததும் போட்டுடறேன்" என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை என்று சொல்ல மனசு வராது. ஆனால் இரண்டு நாள் தொகைக்குக் கீழே இறங்கினாலும் ஆறு மாதமும் மறுபடி முதலிலிருந்து. தங்கையின் ஏ.டி.எம். கார்டை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அன்றாடச் செலவுக்கு அவளுக்கு வேறு கணக்கு திறந்தோம்.

காலத்தையும் நம் பக்கத்து வரவுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். மாங்காய்க் குத்தகைப் பணம் ஜூன், ஜூலையில் கைக்கு வரும். ஜூலை முடிவுக்குள் முழுத் தொகையும் உங்கள் கணக்கில் உட்கார்ந்தால் பிப்ரவரியில் விண்ணப்பிக்கலாம். அந்த இடைவெளியில் காசநோய்ப் பரிசோதனை, ஏ1 எனும் அடிப்படை நிலை ஆங்கிலத் தேர்வு, திருமணப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் முடித்துவிடலாம். ஸ்டேட்மென்ட்டைக் கடைசியில் எடுங்கள், விண்ணப்பிக்கும் நாளுக்கு 28 நாளுக்கு முந்தையதாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் வங்கி முத்திரை போட்டு, மேலாளரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். எங்கள் கிளையில் முதல் பக்கத்தில் மட்டும் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். நின்று கேட்டு, எல்லாப் பக்கத்திலும் குத்தி வாங்கினோம்.

"பணத்தை நாங்கள் போட்டுக் காட்டுகிறோம், வட்டி மட்டும் கொடுங்கள்" என்று ஓசூரிலும் பெங்களூரிலும் ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். அது கடன், கடன் செல்லாது. அதை அன்பளிப்பு என்று எழுதினால் பொய். நிராகரிப்பு ஒரு தடவை விழுந்தால், அடுத்து எந்த விண்ணப்பத்திலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் விசா முடியும்போது நீட்டிப்புக்கு மறுபடி இதே வருமானக் கணக்கைக் கேட்பார்கள். ஆனால் அப்போது நீங்கள் அங்கே வேலை பார்க்கும் சம்பளமும் சேரும். இருவருக்கும் சேர்த்து 29,000 என்பது அவ்வளவு கடினம் இல்லை. என் தங்கைக்கு நீட்டிப்பில் சேமிப்பைத் தொடவே வேண்டியிருக்கவில்லை, அப்பாவின் பணம் அப்படியே இருக்கிறது.

உங்கள் கணவருக்கு மணிக்கணக்குச் சம்பளமா மாதச் சம்பளமா, இப்போதைய கம்பெனியில் எத்தனை மாதமாக இருக்கிறார் என்று கீழே எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை நிலத்துக்கு யாரிடமும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.