பேச்சை மீட்டுத் தந்தவரின் பெயரில் ஒரு விருது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்குப் பேச்சு மொழி சிகிச்சையைக் கற்றுத் தந்த பேராசிரியர் சென்ற ஆண்டு காலமானார். திக்குவாய் உள்ள குழந்தைகளோடும், பக்கவாதத்துக்குப் பின் பேச்சை இழந்தவர்களோடும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர் அவர். பழைய மாணவர்களாகிய நாங்கள் சேர்ந்து ஒரு தொகையைத் திரட்டியிருக்கிறோம். அவர் பெயரில் ஆண்டுதோறும் மாணவர் விருது வழங்கலாம் என்று சிலரும், பணியில் இருப்பவர்களுக்குக் கருத்தரங்கு நடத்தலாம் என்று சிலரும் கூறுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? எங்கிருந்து தொடங்குவது?

— பழைய மாணவர் குழு

பதில்: உங்கள் ஆசிரியரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். அவர் செய்த பணியின் இயல்பை முதலில் நினைத்துப் பார்த்தால், உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே கிடைத்துவிடும் என்று கருதுகிறேன். பேச்சு மொழி சிகிச்சை ஒரு சிறிய அறையில், இருவருக்கு இடையில், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நடக்கும் வேலை. நன்றாக முடிந்த சிகிச்சைக்கு அடையாளமே, வந்தவருக்கு இனி அந்த அறை தேவைப்படாமல் போவதுதான். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் மௌனமாகக் காத்திருக்க வேண்டும், சொல் வராமல் தவிப்பவரின் வாயில் சொல்லை வைக்காமல் எப்படித் துணை நிற்க வேண்டும், திக்கும் குழந்தையின் முகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பவையெல்லாம் அருகில் இருந்து பார்த்தவர்களிடம் மட்டுமே தங்குகின்றன. ஆகவே அவருடைய நினைவு கற்பவர்களிடத்திலும் பணி செய்பவர்களிடத்திலும்தான் தொடர முடியும். விருதும் கருத்தரங்கும் இரண்டு தனி வழிகள் என்று எண்ண வேண்டாம். ஒன்றை மற்றொன்றோடு பிணைக்க முடியும், பிணைக்கவும் வேண்டும்.

நிதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு ஒரு நாள் எல்லோரும் கூடி உட்காருங்கள். அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டு என்ன செய்தார் என்பதை ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ‘அர்ப்பணிப்பு மிக்கவர்’, ‘எளிமையானவர்’ போன்ற சொற்களை அந்தப் பக்கத்தில் அனுமதிக்காதீர்கள். அவை யாருக்கும் பொருந்தும். அவர் ஓர் அமர்வை எப்படித் தொடங்குவார், பெற்றோரை அறைக்கு வெளியே உட்கார வைத்தாரா உள்ளே அழைத்துக்கொண்டாரா, முன்னேற்றம் நின்றுபோனபோது என்ன செய்தார், மாணவர் தவறு செய்தபோது எந்த இடத்தில் குறுக்கிட்டார் என்று எழுதுங்கள். விருதுக்கான தகுதி விதிகள் அந்தப் பக்கத்திலிருந்து பிறக்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு நினைவுப் பரிசுக் குழுவில் நானும் இருந்தேன். அவசரத்தில், அதிக மதிப்பெண் பெற்றவருக்குப் பரிசு என்று முடிவு செய்தோம். ஐந்தாறு ஆண்டுகளில் அது பட்டமளிப்பு விழாவில் வாசிக்கப்படும் நீண்ட பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பெயருக்குரியவர் மதிப்பெண்ணைப் பற்றி ஒருநாளும் பேசியவர் அல்லர் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மதிப்பெண்ணுக்குப் பதக்கம் தரப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. உங்கள் விருது, மேற்பார்வையாளரின் கீழ் மாணவர் பெறும் களப்பயிற்சியைப் பார்க்கட்டும். தாம் சிகிச்சை அளித்த ஒருவரைப் பற்றி மாணவர் ஓர் அறிக்கை தரட்டும்: தொடக்கத்தில் அவரால் எதைச் சொல்ல முடிந்தது, எந்த இலக்கை எதற்காக வைத்தார்கள், முன்னேற்றத்தை எப்படி அளந்தார்கள், திட்டம் பலிக்காதபோது எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பலிக்காத முயற்சியை நேர்மையாக எழுதியவருக்கு, எல்லாம் சீராக நடந்ததாக எழுதியவரைவிடக் கூடுதல் மதிப்புத் தருமாறு நடுவர்களிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சை பெற்றவரின் அல்லது அவர் குடும்பத்தாரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாத அறிக்கையையும், ஆளை அடையாளம் காட்டும் விவரம் உள்ள அறிக்கையையும் ஏற்கக் கூடாது. நடுவர் குழுவில் அனுபவம் மிக்க சிகிச்சையாளர் இருவரோடு, சிகிச்சை பெற்ற ஒருவரோ, பக்கவாதம் வந்தவரை வீட்டில் பராமரிக்கும் ஒருவரோ இருக்கட்டும். அறையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரிவது துறை வல்லுநர்களின் கண்ணில் படாமல் போவதுண்டு.

பணத்தைப் பொறுத்தவரை நான் சொல்ல வேண்டியது சிலவே. திரட்டிய தொகையை வைப்புநிதியாக வைத்து அதன் வருமானத்தை மட்டும் செலவிடுங்கள். அதிலும் ஒரு பகுதியை அசலோடு சேர்த்துவந்தால்தான் விலைவாசி உயரும்போது விருது பொருளற்றதாகிவிடாது. கல்வி நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அந்தப் படிப்பே நிறுத்தப்பட்டால் நிதி எங்கே போகும், தகுதியானவர் இல்லாத ஆண்டில் என்ன செய்வது என்பவை அதில் இருக்க வேண்டும். விருதைப் படிப்பு முடியும் நாளில் தருவதைவிட, இறுதியாண்டின் தொடக்கத்தில் தருவது நல்லது என்பது என் கருத்து. ஊதியமில்லாக் களப்பயிற்சிக்காக வெளியூரில் தங்கவும், ஒரு தேசிய மாநாட்டுக்குப் போய்வரவும் மாணவருக்குப் பணம் தேவைப்படுவது அப்போதுதான்.

இனி கருத்தரங்குக்கு வருகிறேன். இந்தத் துறையில் பட்டம் பெற்றவுடன் கல்வி முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அதன் வரலாறே சான்று. 1925இல் அமெரிக்காவில் இத்துறைக்கான சங்கம் உருவானபோது, பேச்சுத் திருத்தமே அதன் மையமாக இருந்தது. உணவையும் நீரையும் விழுங்க முடியாமல் தவிப்பவர்களுக்கு உதவுவது பேச்சு மொழி சிகிச்சையாளரின் வேலை என்று அன்று பெரும்பாலானோர் எண்ணியிருக்க மாட்டார்கள். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை நோயாளி விழுங்கும்போது எக்ஸ்ரே காணொளியாகப் பதிவு செய்து, தொண்டையில் எந்தக் கட்டத்தில் சிக்கல் நேர்கிறது என்று கண்டறியும் முறையை வளர்த்ததில் ஜெரி லோகமன் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்குப் பெரும் பங்கு உண்டு. 2014இல் மறைந்த அவர் 1970களிலும் 80களிலும் செய்த பணிக்குப் பிறகுதான் விழுங்குதல் சிகிச்சை இத்துறையின் இன்றியமையாத பகுதியாக நிலைபெற்றது. அதற்கு முன் பட்டம் பெற்றவர்கள் இதைப் பயிலரங்குகளிலும் சக பணியாளர்களிடமும்தான் கற்க வேண்டியிருந்தது. இன்று அமெரிக்கச் சங்கத்தின் சான்றிதழைத் தக்கவைத்துக்கொள்ள மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர்கல்வியை முடித்திருக்க வேண்டும். உங்கள் நாட்டில் தொழிலைப் பதிவு செய்யும் அமைப்பிடமும் முன்கூட்டியே விண்ணப்பித்து, உங்கள் நிகழ்ச்சிக்குத் தொடர்கல்வி அங்கீகாரம் பெற்றுவிடுங்கள். அங்கீகாரம் இருந்தால், வேலைப்பளு மிக்கவர்களும் ஒரு நாளை ஒதுக்கி வருவார்கள்.

ஆஸ்திரேலியாவில் எலிசபெத் அஷர் என்ற முன்னோடியின் பெயரில் வழங்கப்படும் நினைவு விருது இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருகிறது. அதைப் பெறுபவர் தேசிய மாநாட்டில் சொற்பொழிவு ஆற்றுகிறார். பாராட்டும் பாடமும் ஒரே மேடையில் நிகழ்கின்றன. உங்கள் அளவுக்கு ஏற்ப நீங்களும் இதைச் செய்யலாம். ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே ஒரு பொருள். காலையில் மூத்த வல்லுநர் ஒருவரின் அறக்கட்டளைச் சொற்பொழிவு. பிற்பகலில் விருது பெற்ற மாணவர் தம் அறிக்கையை முன்வைக்க, பணியில் இருப்பவர்கள் கேள்வி கேட்கட்டும். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் ஒரு மாணவரின் தடுமாற்றத்தைக் கேட்டுத் தங்கள் தடுமாற்றங்களைச் சொல்லத் தொடங்குவார்கள். அன்றைய கல்வி பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். கருவி விற்கும் நிறுவனங்கள் செலவை ஏற்க முன்வந்தால் நன்றி சொல்லி ஏற்கலாம், ஆனால் பேசுபொருளையும் பேச்சாளரையும் முடிவு செய்யும் உரிமையை அவர்களிடம் தந்துவிடாதீர்கள்.

கேள்வி: சிகிச்சைக்குப் பணம் இல்லாமல் பேச்சின்றியே வாழும் குழந்தைகள் எத்தனையோ பேர் இருக்கும்போது, மாணவர்களுக்கு விருது தருவது நியாயமா? அந்தத் தொகையை நேரடியாகச் சிகிச்சைக்குக் கொடுத்துவிடலாமே?

— ஒரு குழந்தையின் தந்தை

பதில்: உங்கள் கேள்வியை நான் எளிதாகக் கடந்து போக விரும்பவில்லை, ஐயா. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு இழப்பு என்பது உண்மை. ஆனால் இந்தச் சிகிச்சை ஓர் ஊசியோடு முடிவதன்று. பல மாதங்கள் தொடர வேண்டிய அமர்வுகளுக்குச் செலவிட்டால், நண்பர்கள் திரட்டும் ஓர் எளிய தொகை சில குழந்தைகளோடு தீர்ந்துபோகும். நன்கு பயின்ற ஒரு சிகிச்சையாளரோ தம் பணிக்காலத்தில் பல நூறு பேரைச் சந்திப்பார். தாமே திக்குவாயோடு வாழ்ந்த சார்லஸ் வான் ரைப்பர் 1936இல் அமெரிக்காவின் மேற்கு மிச்சிகனில் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே சிகிச்சை அளித்ததோடு மாணவர்களையும் பயிற்றுவித்ததால்தான், 1994இல் அவர் மறைந்த பிறகும் அவர் பெயர் தாங்கிய அந்த மையத்தில் பணி தொடர்ந்தது.

எனினும் உங்கள் கவலைக்கு விருதின் விதியிலேயே இடம் தரலாம். சிகிச்சை எளிதில் கிட்டாத இடத்தில் களப்பயிற்சி செய்ய முன்வரும் மாணவருக்கே உதவித்தொகை என்று வகுத்துவிட்டால், அந்தப் பணம் குழந்தைகளையும் சென்றடையும். மறைந்தவர் தம் வாழ்நாளில் இலவச சிகிச்சைக்கே முதலிடம் தந்தவர் என்றால், நான் மேலே சொன்னதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அவர் விருப்பப்படியே செய்யுங்கள்.

கேள்வி: என் தாயார் பேச்சு மொழி சிகிச்சையாளராக இருந்தவர். அவர் பெயரில் விருது தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது விருது வாங்கும் மாணவர்களில் ஒருவருக்கும் அவர் யாரென்று தெரியவில்லை. மேடையில் பெயரைக்கூடத் தவறாக வாசித்தார்கள். விருதை நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

— ஒரு மகள்

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. பார்க்கின்சன் நோயாளிகளின் தணிந்த குரலை உரக்க எழச் செய்யும் ஒரு சிகிச்சை முறை இன்று பல நாடுகளில் ‘லீ சில்வர்மன் குரல் சிகிச்சை’ என்ற பெயரில் வழங்குகிறது. அதைக் கையாளும் பலர், லீ சில்வர்மன் அந்த முறையைக் கண்டறிந்த அறிஞர் என்றே எண்ணக்கூடும். உண்மையில் அவர் பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி. அவர் பேசுவது தங்களுக்குக் கேட்க வேண்டும், புரிய வேண்டும் என்று அவர் குடும்பத்தார் விரும்பியதே அந்த முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. இந்தக் கதையைக் கேட்ட மாணவர் அந்தப் பெயரை மறப்பதில்லை. உங்கள் தாயாரின் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையையும் யாரேனும் சொல்லியாக வேண்டும். அதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

அவரோடு பணியாற்றியவர்களிடமும், அவரிடம் சிகிச்சை பெற்று இப்போது பெரியவர்களாகிவிட்டவர்கள் விரும்பி முன்வந்தால் அவர்களிடமும் பேசி, அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். காலம் தாழ்த்தாதீர்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: அவர் வைத்துச் சென்ற நோயாளர் குறிப்பேடுகளையும் அமர்வுப் பதிவுகளையும் காட்சிக்கு வைக்கக் கூடாது. அவை அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டவை; அவர் பணியாற்றிய நிலையத்திடம் கேட்டு, விதிப்படி பாதுகாக்கவோ அழிக்கவோ ஏற்பாடு செய்யுங்கள். அவர் கைப்பட வரைந்த பட அட்டைகள், குழந்தைகளுக்காக எழுதிய சிறு கதைகள், பயிற்சித் தாள்கள் ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை. அவற்றைப் படியெடுத்து, விருதுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்றை எடுத்து, இன்று தாம் சந்திக்கும் ஒரு குழந்தைக்கு எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று எழுதுவதை விண்ணப்பத்தின் ஒரு பகுதியாக்கலாம்.

அடுத்த ஆண்டு விருதை நீங்களே வழங்குங்கள். பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, அவர் வரைந்த அட்டை ஒன்றைக் கையில் பிடித்து, அது எந்தச் சொல்லுக்காக வரையப்பட்டது என்று இரண்டு நிமிடம் பேசினால் போதும்.